பினாங்கிலிருந்து லங்காவிக்குப் பாய்மரப் படகில்: ஒரு வாடகைச் சேவையின் நிறையும் குறையும்

ஜனவரியில் தை அமாவாசையை ஒட்டி வந்த வார இறுதியில் நாங்கள் ஆறு பேர், 38 அடி நீளமுள்ள பாய்மரப் படகொன்றைத் தலைமாலுமியோடு வாடகைக்கு எடுத்துப் பினாங்கிலிருந்து லங்காவிக்குச் சென்று திரும்பினோம். எங்களில் ஒருவர் உறுப்பினராக இருக்கும் படகோட்டிகள் கழகம், ஆண்டுக்கு ஒருமுறை தன் உறுப்பினர்களின் படகுகளை ஏதேனும் ஒரு விரிகுடாவில் கூட்டுவது வழக்கம். இவ்வாண்டுக் கூடுகை லங்காவிக்குத் தெற்கே டாயாங் பந்திங் தீவின் ஓரத்தில் நடந்தது. சொந்தப் படகு இல்லாதவர்களும் வாடகைப் படகில் வந்து கலந்துகொள்ளலாம் என்று அழைப்பில் எழுதியிருந்ததால்தான் இந்தப் பயணமே எங்களுக்கு வாய்த்தது. பினாங்கிலோ லங்காவியிலோ இத்தகைய சேவையைத் தேடும் எவருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காக, நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. மூன்று இரவு, மூன்று பகலுக்குப் படகு, தலைமாலுமி, டீசல், பாயார் தீவின் கடல் பூங்காக் கட்டணம், எட்டு வேளை உணவு எல்லாம் சேர்த்து 7,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஆளுக்கு 1,200 வெள்ளி வந்தது. இதைத் தவிர 3,000 வெள்ளி முன்வைப்புத் தொகையைத் தனியே கட்டச் சொன்னார்கள். முன்பதிவு வாட்ஸ்அப் வழியாகவே நடந்தது. கேட்ட கேள்விகளுக்கு அலுவலகத்திலிருந்த பெண்மணி பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் அவர் சொன்ன பதில்களில் பாதி படகின் வசதிகளைப் பற்றியவை. எத்தனை படுக்கை, குளிரூட்டி உண்டா, இசைக்கருவி உண்டா என்பவற்றுக்கெல்லாம் உடனே பதில் வந்தது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, காற்று எப்படி இருக்கும், இரவில் ஓட்ட வேண்டி வருமா என்ற கேள்விகளுக்கு, "அதையெல்லாம் கேப்டன் பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அப்போது அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பயணம் முடிந்தபின், அந்த நிறுவனத்தில் எங்களுக்குக் கிடைத்த மிகச் சரியான பதில் அதுதான் என்று தோன்றுகிறது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தலைமாலுமி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். பிறை ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், இளவயதில் துறைமுக இழுவைப் படகுகளில் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் படகுத்துறைக்கு வந்தால் போதும் என்று அலுவலகம் எங்களிடம் சொல்லியிருந்தது. அவரோ வியாழன் இரவு பத்து மணிக்கே பெட்டி படுக்கையோடு வந்துவிடும்படி சொன்னார். அமாவாசையை ஒட்டிய நாட்களில் பினாங்கில் நள்ளிரவை நெருங்கும்போது வெள்ளம் (கடல்நீர் ஏற்றம்) உச்சிக்கு வரும். அதிலிருந்து ஆறு மணி நேரத்தில், அதாவது விடியும் நேரத்தில், வற்றம் (கடல்நீர் இறக்கம்) அடிமட்டத்தைத் தொடும். எங்கள் படகின் அடித்தண்டு நீருக்குள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் இறங்கியிருப்பது. வடகரையில் இருந்த அந்தப் படகுத்துறையின் வாயிலில் மண்டி சேர்ந்து ஆழம் குறைந்திருந்ததால், அலுவலகம் சொன்ன நேரத்தில் கிளம்பினால் வாயிலிலேயே தரை தட்டி நின்றிருப்போம். ஆகவே வெள்ளம் இருக்கும்போதே வெளியேறி, வெளிக்கடலில் நங்கூரம் போட்டுப் படுத்துவிட்டு, விடியலுக்கு முன் பாயேற்றுவது அவர் திட்டம். "வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வராதீங்க தம்பி, வெறும் வயித்தோடவும் வராதீங்க" என்றும் சொன்னார். அதன்படியே குவீன் தெருப் பக்கம் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனோம்.

படகில் ஏறியதும் முதல் முக்கால் மணி நேரம் அவர் எங்களை உட்காரவே விடவில்லை. உயிர்காப்பு அங்கியைக் காட்டி "இதோ இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகும் சேவைகளை நான் பார்த்திருக்கிறேன். இவர் ஒவ்வொருவரையும் அணியச் செய்து, வார்களை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். தூக்கும்போது அங்கி காதுவரை ஏறினால் மீண்டும் இறுக்கினார். தீயணைப்பான்கள் இருந்த மூன்று இடங்களையும் எங்கள் கையால் தொடவைத்தார். எரிவாயு அடுப்பின் வால்வைச் சமைத்து முடித்தவுடன் உருளையிலேயே மூட வேண்டும் என்பதை இரண்டு முறை சொன்னார். படகின் அடியில் கசியும் வாயு காற்றைவிடக் கனமானது; அது வெளியேற வழியில்லாமல் அடித்தளத்திலேயே தேங்கிவிடும் என்று காரணத்தையும் விளக்கினார். வி.எச்.எப். வானொலியை இயக்கி, ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசைக்குக் கொண்டுவருவதை எங்களில் இருவர் செய்து காட்ட வேண்டியிருந்தது. தாம் தண்ணீரில் விழுந்துவிட்டால் யார் சுக்கானைப் பிடிப்பது, யார் விழுந்தவரைக் கண்ணெடுக்காமல் விரலால் சுட்டிக்கொண்டே நிற்பது, யார் மிதவை வளையத்தை எறிவது என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்தார். செபராங் ஜெயாவில் தாதியாகப் பணிபுரியும் எங்கள் தோழியிடம் சுட்டும் பொறுப்பு வந்தது. அன்றிலிருந்து, தலைமாலுமி டெக் என்னும் மேல்தளத்தின் முன்பக்கம் போகும்போதெல்லாம் தோழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு நங்கூரம் தூக்கினோம். நிலவில்லாத வானம், தஞ்சோங் தோக்கோங் கட்டடங்களின் விளக்குகள் பின்னால் ஒதுங்க, பூலாவ் திக்குஸ் என்ற சிறு பாறைத் தீவை இடப்பக்கம் விட்டு வடமேற்கே திரும்பினோம். மேற்கு முனையில் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. 1883இல் கட்டப்பட்ட அந்த விளக்கத்தைப் பலமுறை காட்டுப் பாதையில் நடந்து போய்ப் பார்த்திருக்கிறேன். அது யாருக்காகக் குன்றின்மேல் நிற்கிறது என்பது கடலிலிருந்து பார்த்தபோதுதான் மனத்தில் பதிந்தது.

பெருநிலத்திலிருந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்பத்தின் மலைகளைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அலையைப் பெரிதாக எழுப்பாமல் காற்றை மட்டும் தரும். கிழக்குக் கரையில் படகுகள் கரையேறிக் கிடக்கும் அதே மாதங்களில் பினாங்கிலும் லங்காவியிலும் பாய்மரப் பருவம் நடப்பதற்கு இதுவே காரணம். 1990 முதல் நடந்துவரும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பந்தயமும் நவம்பரில் கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிவரை இந்தக் கரையை ஒட்டியே நடக்கிறது. லங்காவி எங்களுக்கு ஏறத்தாழ வட வடமேற்குத் திசை, காற்று வடகிழக்கு. ஆகவே போகும்போதும் வரும்போதும் காற்று விலாப்பக்கமே வரும். பாய்மரப் படகுக்கு இதைவிட நல்ல வழி அமைவது அரிது.

இருட்டில் தலைமாலுமி பெரிய பாயை முழுதாக ஏற்றவில்லை. ஒரு மடிப்புச் சுருக்கியே ஏற்றினார். பத்து நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றுக்கு இது தேவையா என்று எங்கள் கழக நண்பர் கேட்டார். இருட்டில் ஆறு புதியவர்களோடு பாயைச் சுருக்குவதைவிட, விடிந்தபின் விரிப்பது எளிது என்று அவர் அமைதியாகப் பதில் சொன்னார். எட்டு மணிக்குக் காற்று 18 நாட்டைத் தொட்டது. படகு வலப்பக்கக் காற்றில் இடப்பக்கம் சாய்ந்து, டெக்கின் விளிம்பு நீரைத் தொடாமல், ஆறரை நாட் வேகத்தில் ஓடியது. நாங்கள் அப்போது தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார முடிந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த இன்னொரு படகு முழுப் பாயோடு கிளம்பியிருந்தது. காற்று ஏறியதும் அவர்கள் காற்றுக்கு எதிரே திரும்பி, பாய் படபடக்க, அரை மணி நேரம் அதனோடு போராடியதைப் பார்த்தோம்.

விடிந்தபோது வடகிழக்கில் ஜெராய் மலை தனியே எழுந்து நின்றது. 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, கரை தெரிவதற்கு வெகுநேரம் முன்பே கடலில் வருவோர் கண்ணில் படும். அதன் அடிவாரத்து பூஜாங் பள்ளத்தாக்கில் வந்து இறங்கிய வணிகர்களுக்கும், 1025இல் கடாரத்தின்மேல் படையெடுத்த முதலாம் இராஜேந்திர சோழனின் மாலுமிகளுக்கும் வழிகாட்டிய அடையாளம் அதுவே என்று வரலாற்றாய்வாளர்கள் கருதுகிறார்கள். பள்ளிப் பாடத்தில் நாம் படிக்கும் கடாரம் இதுதான் என்று பட்டர்வொர்த்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது தலைமாலுமி கைத்திசைகாட்டியை அவரிடமே கொடுத்து, மலை உச்சி எத்தனை பாகையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். அடுத்து, பின்னால் மங்கிக்கொண்டிருந்த மூக்கா ஹெட் முனையின் பாகையையும் கேட்டார். இரண்டையும் கடல் வரைபடத்தில் பென்சிலால் கோடாக இழுக்கச் செய்தார். கோடுகள் வெட்டிக்கொண்ட புள்ளி, ஜி.பி.எஸ். திரை காட்டிய இடத்திலிருந்து அரைக் கடல் மைலுக்குள் இருந்தது. மின்சாரம் போய்விட்டால் இப்படித்தான் ஊர் திரும்ப வேண்டும் என்று அவர் சொன்னபோது, ஆசிரிய நண்பர் அந்தப் பென்சில் கோட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். வாடகைச் சேவையின் விலைப்பட்டியலில் இந்தப் பாடம் எங்கும் இல்லை.

நண்பகலில் பாயார் தீவை அடைந்தோம். அது கடல் பூங்கா என்பதால் பவளப்பாறையின்மேல் நங்கூரம் இறக்கக் கூடாது. போட்டிருந்த மிதவையில்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். கரையோர ஆழமற்ற நீரில் கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் கால்களுக்கிடையே நீந்தின. அவை பொதுவாக மனிதரைக் கடிப்பதில்லை. ஒரு மணி நேரம் நீந்திவிட்டு மதிய உணவை முடித்துக்கொண்டு கிளம்பினோம்.

அதன்பின் நடந்ததுதான் இந்தச் சேவையைப் பற்றி நான் எழுத முக்கியக் காரணம். பருவக்காற்று நாட்களில் பிற்பகலில் காற்று பெரும்பாலும் விழுந்துவிடும், அன்றும் விழுந்தது. பாயை இறக்கிவிட்டு இயந்திரத்தில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டரை மணியளவில் இயந்திரத்தின் ஒலி திடீரென்று தடித்து, படகு பின்னால் யாரோ பிடித்து இழுப்பதைப் போல் தளர்ந்தது. தலைமாலுமி ஒரு கணமும் தயங்காமல் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, உடனே இயந்திரத்தை நிறுத்தினார். நீருக்குள் எட்டிப் பார்த்தபோது சுக்கானுக்கு முன்னால் நீலநிறக் கயிறு ஒன்று வால்போல் நீண்டு மிதந்தது. அறுந்து மிதந்த மீன்வலையின் துண்டு உந்துவிசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. பினாங்குக்கும் லங்காவிக்கும் இடையே மீன்பிடிப் படகுகள் மிகுதி. கொடி கட்டிய வலைகளைப் பகலில் விலக்கிவிடலாம். இப்படி மிதக்கும் துண்டுகள் நீரோடு நீராக வருபவை.

சுற்றிலும் கப்பல் எதுவும் இல்லை என்பதைப் பார்த்தார். கரையிலிருந்து தொலைவையும், நீரோட்டம் எங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதையும் திரையில் கணித்தார். பின்பக்கத்திலிருந்து மிதவை கட்டிய நீளக் கயிறு ஒன்றை நீரில் விட்டு, நீரோட்டம் தம்மைப் படகிலிருந்து பிரித்தால் அதைப் பற்றிக்கொள்வதாகச் சொன்னார். நீர்க்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டவர், ஏணியில் கால் வைத்த பின் ஏதோ நினைத்தவராகத் திரும்பி வந்தார். இயந்திரத்தின் சாவியை உருவி, அதன் சிவப்புக் கயிற்றைத் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "நான் கீழே இருக்கும்போது யாரும் உதவி செய்யறேன்னு இதத் தொடக்கூடாது" என்றார். மேலே ஆறு பேர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு இருந்தாலும், ஒருவர் பதற்றத்தில் சாவியைத் திருகினால் கீழே இருப்பவரின் கை போய்விடும். அந்தச் சாத்தியத்தை அவர் தம்மோடு எடுத்துக்கொண்டு நீரில் இறங்கினார்.

ஏழு முறை மூழ்கி எழுந்தார். ஒவ்வொரு முறையும் கையளவு கயிறு வந்தது. வெட்டியதை நீரில் விடாமல் எங்களிடம் நீட்டினார், நாங்கள் வாளியில் போட்டோம். தாதி அக்கா ஒவ்வொரு மூழ்கலையும் கைக்கடிகாரத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மேலே வந்தவர் கையில் நத்தைச்சிப்பி கீறிய காயங்கள் இருந்தன. அக்கா மருந்து போட்டுக் கட்டினார். இதில் நிறுவனத்தின்மேல் எனக்குள்ள முதல் கடுமையான குறை இருக்கிறது. இந்தக் கடற்பாதையில் ஓடும் படகில் கயிறு அறுக்கும் பற்கத்தி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பொருள்பட்டியலில் அது எழுதப்பட்டிருந்தது. ஆனால் படகில் இல்லை. அவர் அந்த வேலையை ரொட்டி வெட்டும் சமையலறைக் கத்தியால் செய்து முடித்தார். கிளம்புமுன் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டிய அலுவலக ஊழியர், எல்லாவற்றுக்கும் எதிரே குறியிட்டுக் கையொப்பம் போட்டிருந்தார்.

ஐந்தரை மணிக்கு டாயாங் பந்திங் தீவுக்கும் குபாங் டாராட் தீவுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நீர்ப்பரப்பில் நுழைந்தோம். இருபுறமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் நேராக நீரிலிருந்து எழுந்து நிற்க, நடுவே நீர் குளம்போல் கிடந்தது. பதினோரு படகுகள் வந்திருந்தன. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், கிள்ளானிலிருந்து மூன்று நாள் ஓட்டி வந்த இரண்டு நண்பர்கள், லங்காவியிலேயே படகில் வாழும் வயதான தம்பதியர் எனப் பலரும் இருந்தனர். சனிக்கிழமை பகல் முழுவதும் ஆறு படகுகளை ஒன்றோடொன்று மெத்தைப் பைகள் இடையில் தொங்க, பக்கவாட்டில் பிணைத்துவிட்டார்கள். ஒரு படகின் டெக்கிலிருந்து அடுத்த படகின் டெக்குக்கு, தோட்டத்து லயன் வீடுகளின் வாசல்களைத் தாண்டுவதுபோல் நடந்து போனோம். எல்லாரும் சமைத்ததை ஒரே மேசையில் பரப்பினோம். எங்கள் நண்பரின் தாயார் கட்டிக்கொடுத்த புளியோதரை முதலில் தீர்ந்தது. கூடுகையின் பேச்சு முழுவதும் கடலைப் பற்றியே இருந்தது. எங்கே புதிதாக வலை கட்டியிருக்கிறார்கள், எந்தத் துறையில் குடிநீர் நன்றாக வருகிறது, எந்த இடத்தில் நங்கூரம் சேற்றில் நழுவுகிறது என்று, புத்தகத்தில் அச்சாகாத செய்திகளை ஒவ்வொருவரும் மற்றவர் குறிப்பேட்டில் எழுதிக்கொடுத்தார்கள். முந்தைய நாள் எங்களுக்கு வலை சுற்றிய இடத்தின் குறிப்பையும் பத்துப் பேர் எழுதிக்கொண்டார்கள்.

மாலை ஆறு மணிக்கு, பேச்சு சூடு பிடித்திருந்த வேளையில், எங்கள் தலைமாலுமி பிணைப்பிலிருந்து படகை விலக்கப் போவதாகச் சொன்னார். எங்களுக்கு வருத்தமாக இருந்தது. கழக நண்பர் இன்னும் இரண்டு மணி நேரம் கேட்டுப் பார்த்தார். பல படகுகள் ஒரே நங்கூரத்தை நம்பித் தூங்கினால், இரவில் காற்று திசை மாறும்போது எல்லாம் சேர்ந்து பாறைப் பக்கம் நகரும், இருட்டில் கயிறுகளை அவிழ்க்கும்போது கை நசுங்கும் என்று அவர் சொல்லிவிட்டுப் படகைத் தனியே கொண்டுபோனார். 12 மீட்டர் ஆழத்தில் 55 மீட்டர் சங்கிலி விட்டு, இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி நங்கூரம் பிடித்திருப்பதைச் சோதித்தார். பின் கரையில் இரு மரங்களைக் குறித்து, அவை ஒன்றின் பின் ஒன்று மறைந்திருக்கும்வரை படகு நகரவில்லை என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். அதிகாலை மூன்று மணிக்குப் பாறைகளுக்கு மேலிருந்து காற்று இறங்கி வந்தபோது எங்களில் யாரும் எழுந்திருக்க நேரவில்லை. மறுநாள் வானொலியில், இரவில் மூன்று படகுகள் கயிறு அவிழ்த்துத் திண்டாடிய செய்தியைக் கேட்டோம்.

நிறுவனத்தின் மற்ற குறைகளையும் சொல்லியாக வேண்டும். கரைக்குப் போய்வரக் கொடுத்த ரப்பர் டிங்கியின் இயந்திரம் சனிக்கிழமை காலை ஒருமுறை இயங்கி, பின்னர் இயங்கவேயில்லை. எரிபொருள் பழையது; கார்புரேட்டரில் பிசின் படிந்திருந்தது. கரைக்கும் திரும்பவுமாக நாங்கள் துடுப்புப் போட்டோம். இளைஞர்களுக்கு அது பெரிய துன்பமில்லை, ஆனால் வயதானவர்களை அழைத்துச் சென்றிருந்தால் அவர்கள் படகிலேயே அடைந்து கிடந்திருப்பார்கள்.

அதைவிட மனத்தை வருத்தியது உணவு. எங்களில் இருவர் தைப்பூசத்துக்கு விரதம் இருந்தார்கள். தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்கள். முன்பதிவின்போதே இதைத் தெளிவாக எழுதி, முட்டையும் மீனும் கலவாத உணவு, தனிப் பாத்திரம் என்று கேட்டிருந்தோம். சரி என்று எழுத்தில் பதிலும் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் 'சைவம்' என்று ஒட்டுத்தாள் ஒட்டிய டப்பாவைத் திறந்தபோது காங்கோங் கீரையில் பெலாச்சான் என்னும் இறால் விழுது மணத்தது. காய்கறிப் பிரட்டலிலும் சிப்பிச் சாறு ஊற்றியிருந்தார்கள். இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் அது சைவம் என்று சமைத்தவர் எண்ணியிருக்க வேண்டும். பினாங்கில், தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு, தமிழ் வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்ட பிறகும் இப்படி நடந்ததை என்னால் சிறிய தவறாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இருவரும் மூன்று நாளும் வாழைப்பழம், ரொட்டி, வீட்டிலிருந்து வந்த புளியோதரை ஆகியவற்றோடு சமாளித்தார்கள். தலைமாலுமி தம் சொந்தப் பையிலிருந்து புதுச் சட்டியொன்றை எடுத்துக் கழுவிக் கொடுத்து, அதில் அவர்களுக்கெனத் தனியே சோறு வடித்துக்கொள்ளச் சொன்னார்.

படகைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று அறைகள், ஒரு கழிப்பறை, சுத்தமான படுக்கை விரிப்பு. விளம்பரத்தில் சொன்ன குளிரூட்டி, படகுத்துறையின் மின்சாரத்தில் கட்டியிருக்கும்போது மட்டுமே ஓடும்; நங்கூரத்தில் இருக்கும்போது சன்னல் காற்றுத்தான். கைப்பம்பு வைத்த கழிப்பறைக்குப் பழக ஒரு நாள் ஆகும். பாய்கள் புதியவை, கயிறுகள் உறுதியானவை, கயிற்றை இழுத்து இறுக்கும் வின்ச்சுகள் நன்றாக எண்ணெயிடப்பட்டிருந்தன. எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நான்கரை மணிக்குக் கிளம்பினோம். அன்று பினாங்கில் வெள்ளம் உச்சிக்கு வருவது பிற்பகல் இரண்டு மணியளவில்; அந்த நேரத்துக்கு வாயிலை அடைய வேண்டும் என்பதை வைத்துத் தலைமாலுமி புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டிருந்தார். காற்று இம்முறை இன்னும் பின்விலாவில் வந்ததால் படகு சாய்வு குறைந்து ஓடியது. விடிந்தபின் ஒவ்வொருவரும் அரை மணி நேரம் சுக்கான் பிடித்தோம். பாயின் ஓரத்தில் தைத்திருந்த சிறு கம்பளி இழைகள் இரண்டும் ஒரே சீராகப் பின்னோக்கிப் பறக்கும்படி வைத்திருந்தால் படகு தானே ஓடும் என்று காட்டினார். என் முறை வந்தபோது சுக்கானை அதிகம் திருகினேன். அவர் என் கையைத் தொடாமல், "அது போற இடத்துக்கு நீங்களும் போங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஆழமானி வாயிலில் மூன்றரை மீட்டர் காட்ட, உள்ளே நுழைந்தோம்.

கடைசிக் குறை முன்வைப்புத் தொகை. டிங்கியின் அடியில் புதிதாகக் கீறல் இருப்பதாகச் சொல்லி நிறுவனம் 450 வெள்ளியைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கீறல் நாங்கள் ஏறும்போதே இருந்தது. வியாழன் இரவு, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு படகையும் டிங்கியையும் நான்கு புறமும் படமெடுத்து வைக்கும்படி எங்களிடம் சொன்னவரும் தலைமாலுமியேதான். நேரம் பதிந்த அந்தப் படங்களை அனுப்பிய பின், பதினேழு நாள் கழித்து முழுத் தொகையும் வந்து சேர்ந்தது. மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. கத்தி, டிங்கி இயந்திரம், உணவு ஆகிய மூன்றைப் பற்றியும் எழுதிய கடிதத்துக்கு, கத்தி வாங்கிவிட்டோம் என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.

ஐந்தில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் அலுவலகத்துக்கு இரண்டும் கடலில் நடந்ததற்கு ஐந்தும் கொடுப்பேன். இத்தகைய சேவையைத் தேடுவோர் படுக்கையை எண்ணுவதற்கு முன்பு, படகை ஓட்டப் போகிறவரிடம் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேச அனுமதிக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கவும். கிளம்பும் நாளில் வற்றம் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டால், அவர் சொல்லும் பதிலிலேயே நமக்குத் தேவையானது பெரும்பாலும் தெரிந்துவிடும். விரதம் இருப்பவர்கள் தங்கள் உணவைத் தாங்களே கொண்டுபோவது நல்லது. நாங்கள் மார்ச் மாதம், வாடை ஓய்வதற்கு முன் அதே படகை மீண்டும் எடுக்கிறோம். இம்முறை உணவை எங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு விலையில் 600 வெள்ளி குறைத்திருக்கிறோம். அதே தலைமாலுமி வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கியிருக்கிறோம்.